துணை அதிபர் வேட்பாளர் எதிர்க்கட்சியிலிருந்து வந்தால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, குடியரசுக் கட்சியின் லிஸ் செனி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிசுடன் விஸ்கான்சினில் ஒரே மேடையில் பேசினார். செனியைத் துணை அதிபர் வேட்பாளராகவே நிறுத்தியிருந்தால், இரண்டு பக்கமும் பிடிக்காத மிதவாதிகள் மொத்தமாக வந்திருக்க மாட்டார்களா? நம்மூரில் நேற்றுவரை எதிரெதிரே நின்ற கட்சிகள் கூட்டணி வைத்து ஜெயிக்கவில்லையா? 2028-இல் யாராவது இதைச் செய்தால் பலிக்குமா?

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

நம்மூர்க் கூட்டணி எதனால் ஜெயிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தலைவர்கள் கைகோத்து நிற்கும் படத்தைப் பார்த்து யாரும் வாக்கை மாற்றிப் போடுவதில்லை. கூட்டணிக் கட்சி அந்தத் தொகுதியில் ஆள் நிறுத்தாமல் விட்டுக்கொடுக்கிறது. அதன் வாக்காளருக்குத் தன் சின்னம் வாக்குச்சீட்டில் இல்லை, அதனால் தோழமைச் சின்னத்துக்குப் போடுகிறார். விஸ்கான்சின் மேடைக்கு செனி வந்தார், அவருடைய கட்சி வரவில்லை. அது தன் வேட்பாளரோடு எல்லா மாநில வாக்குச்சீட்டிலும் இருந்தது. செனி துணை அதிபர் வேட்பாளராகியிருந்தாலும் இந்த நிலை மாறியிருக்காது.

அண்மைக் காலத்தில் இரு தரப்பு ஜோடி ஒன்று ஜெயித்தது அலாஸ்காவில், ஆளுநர் தேர்தலில். அங்கே ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாகவே நிற்பார்கள் என்பதால் உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. 2014-இல் பதவியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஷான் பார்னல். 2010-இல் அதே கட்சியின் முதனிலைத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில்) அவரிடம் தோற்ற பில் வாக்கர் இம்முறை தனியாக நின்றார். ஜனநாயகக் கட்சி பைரன் மாலட்டை நிறுத்தியிருந்தது. மும்முனைப் போட்டி பார்னலுக்குத்தான் வசதி. செப்டம்பர் தொடக்கத்தில் மாலட் ஆளுநர் போட்டியிலிருந்து விலகி வாக்கருக்குத் துணை ஆளுநர் வேட்பாளரானார். வாக்கர் குடியரசுக் கட்சி உறுப்பினர் பதிவைக் கைவிட்டார், ஏற்கெனவே அவரோடு நின்றவர் இடத்தைக் காலி செய்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவிக்கு வேறு ஆளை நிறுத்தவே இல்லை. முடிவு: வாக்கருக்கு 48.1 சதவீதம், பார்னலுக்கு 45.9. அதே நாளில் அதே வாக்காளர்கள் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் இடத்தைக் குடியரசுக் கட்சிக்குக் கொடுத்தார்கள். கட்சி பார்க்காமல் போடும் வாக்காளர் இருக்கிறார் என்பதற்கு இது நல்ல சான்று.

2018-இல் அதே ஜோடி மறுபடியும் நின்றது. இம்முறை ஜனநாயகக் கட்சி மார்க் பெகிச்சை நிறுத்திவிட்டது. தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், முறையற்ற பேச்சு ஒன்றுக்காக மாலட் பதவி விலகினார், சில நாட்களில் வாக்கரும் போட்டியைக் கைவிட்டார். குடியரசுக் கட்சி ஜெயித்தது.

மறுபக்கம் தாவ முன்வருபவர் பெரும்பாலும் தன் வாக்காளர்களை ஏற்கெனவே இழந்தவராக இருப்பார் என்பது அடுத்த சிக்கல். 2022 வயோமிங் முதனிலைத் தேர்தலில் செனி 30 சதவீத வாக்குக்கூடப் பெறவில்லை. தன் கட்சியில் செல்வாக்கோடு இருப்பவருக்குத் தாவ வேண்டிய தேவை இருப்பதில்லை.

செல்வாக்கான துணை வேட்பாளர் கிடைத்தாலும் அவர் எவ்வளவு வாக்கு இழுப்பார்? 1988-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ், டெக்சஸின் செனட் உறுப்பினர் லாயிட் பென்ட்சனைத் துணை வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். டெக்சஸ் சட்டம் அனுமதித்ததால் பென்ட்சன் அதே வாக்குச்சீட்டில் செனட் இடத்துக்கும் நின்றார். டெக்சஸ் மக்கள் அவரைச் செனட்டுக்கு அனுப்பிவிட்டு, அதிபர் வாக்கைக் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ்ஷுக்குப் போட்டார்கள். மக்கள் பார்ப்பது முதல் பெயரை.

மிதவாதிகள் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குபவர்களும் ஒரே கூட்டம் அல்ல. அமெரிக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் ஒருவர் வரி விஷயத்தில் இடதுசாரி, குடியேற்றத்தில் கடுமையானவர். இன்னொருவர் நேரெதிர். இருவரும் கணக்கெடுப்பில் ‘நடுவில்’ வந்து விழுகிறார்கள். செனி போன்ற பழைய பாணிப் பழமைவாதி, இவர்களில் முதலாமவருக்கு எந்தக் கட்சிக்காரரையும்விட அதிகத் தொலைவில் இருப்பவர்.

பெரிய கட்சியின் வேட்பாளர் துணிந்தாலும் மாநாடு குறுக்கே நிற்கும். துணை வேட்பாளரை முறைப்படி நியமிப்பது மாநாட்டுப் பேராளர்களின் வாக்கு. வழக்கமாக அது சடங்கு, ஆனால் கலகம் நடத்த விதியில் இடம் உண்டு. 2008-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் விரும்பியது ஜோ லீபர்மனை, 2000-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவரை. லீபர்மன் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர், மாநாட்டில் பேராளர்கள் எழுந்துவிடுவார்கள் என்று ஆலோசகர்கள் தடுத்தார்கள். அவருக்குப் பதிலாகச் சொந்தக் கட்சியின் சாரா பேலின் வந்தார். பத்தாண்டு கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் மெக்கெய்ன் அந்த முடிவுக்காக வருந்தினார். எனக்கும் அவர் முயன்று பார்த்திருக்கலாம் என்று தோன்றும். பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டில் அதனால் ஜெயித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன்.

கட்சிகளைத் தவிர்த்துச் சுயேச்சையாக நிற்கலாமே என்றால், 1980-இல் குடியரசுக் கட்சியின் ஜான் ஆண்டர்சனும், ஜனநாயகக் கட்சி முன்னாள் ஆளுநர் பேட்ரிக் லூசியும் அப்படித்தான் நின்றார்கள். கோடையில் கருத்துக்கணிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டர்சனுக்கு நவம்பரில் கிடைத்தது 6.6 சதவீதம். ‘வாக்கு வீணாகிவிடும்’ என்ற பயம் அக்டோபரில் வேலை செய்கிறது. தவிர, ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகக் கையெழுத்து திரட்ட வேண்டும், கெடுவும் எண்ணிக்கையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓஹையோவின் மார்ச் மாதக் கெடு ஆண்டர்சனைத் தடுக்கப் பார்த்தது, நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவர் வாக்குச்சீட்டில் இடம் பெற்றார். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னபோது 1983 ஆகிவிட்டது. ‘நோ லேபிள்ஸ்’ அமைப்பு 2024-க்கு இரு கட்சி ஜோடியைத் தேடி, வேட்பாளர் கிடைக்காமல் ஏப்ரலில் கைவிட்டது.

எண்ணிக்கையும் இரக்கமற்றது. அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள தேர்வாளர்கள். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும். 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 18.9 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. யாருக்கும் பெரும்பான்மையான 270 தேர்வாளர்கள் இல்லையென்றால் முதல் மூவரிலிருந்து அதிபரைப் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று தேர்வு செய்யும். துணை அதிபரைச் செனட் முதல் இருவரிலிருந்து மட்டும் தேர்வு செய்யும். மூன்றாவதாக வந்த ஜோடியின் துணை வேட்பாளர் அங்கேயே வெளியே. ஜோடி ஜோடியாகவே பதவி ஏறும் என்பதற்கு அந்த நிலையில் உத்தரவாதம் இல்லை.

ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. உள்நாட்டுப் போரின் நடுவே 1864-இல் லிங்கனின் கட்சி, அப்போதைய துணை அதிபர் ஹானிபல் ஹாம்லினை விலக்கிவிட்டு டென்னசி ஜனநாயகக் கட்சிக்காரரான ஆண்ட்ரூ ஜான்சனை அவரோடு சேர்த்தது. கட்சியின் பெயரையே ‘தேசிய ஒன்றியக் கட்சி’ என்று மாற்றி நின்றார்கள், லிங்கன் 233-இல் 212 தேர்வாளர்களைப் பெற்றார். 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டதும், வாக்களித்தவர்கள் எதிர்பாராத அதிபர் கிடைத்தார். விடுதலையான கறுப்பின மக்களின் உரிமையைக் காக்கும் 1866 சட்டத்தை ஜான்சன் நிராகரித்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. 1868-இல் பதவி நீக்க விசாரணையில் ஒரே வாக்கில் தப்பினார். அழகாக அமைந்த ஒரு ஜோடிக்கான விலையை, அதில் எந்தப் பேச்சும் இல்லாத மக்கள் கொடுத்தார்கள்.

யாரும் சாகாவிட்டாலும் உரசல் முதல் வாரமே தொடங்கலாம். செனட்டில் வாக்குகள் சமமானால் முடிவு செய்வது துணை அதிபரின் வாக்கு. 2021-இல் செனட் 50-50. துணை அதிபர் ஹாரிசின் வாக்குதான் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை தந்தது. அந்த நாற்காலியில் மறுகட்சிக்காரர் இருந்தால், குழுத் தலைமை முதல் நீதிபதி நியமனம் வரை யாருக்குப் போகும்?

ஆகவே 2028-இல் அப்படியொரு ஜோடி வந்தால், முதலில் இழுபறி மாநிலங்களான பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் வாக்குச்சீட்டுகளைப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் வேட்பாளரை வைத்திருக்க, இது மூன்றாவதாக நின்றால் அலாஸ்கா 2018-தான். ஒரு பெரிய கட்சி தன் இடத்தையே கொடுத்திருந்தால் மிதவாதிகள் வருவார்கள், நிறையவே வருவார்கள். அப்போது அந்தத் துணை வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: செனட்டில் வாக்குகள் சமமானால் உங்கள் வாக்கு எந்தப் பக்கம்? நாளை நீங்களே அதிபரானால் யாருடைய அமைச்சரவையை வைத்துக்கொள்வீர்கள்?