வாசகர் கேள்வி – பதில்: வஹாக்காவும் மெஸ்காலும்

கேள்வி: அலுவல் காரணமாக மெக்சிகோ சிட்டிக்குச் செல்லும் நான், வேலை முடிந்ததும் மனைவியுடன் நான்கு நாள்கள் வஹாக்கா நகரில் தங்க எண்ணியிருக்கிறேன். அங்கே மெஸ்கால் என்ற மதுவைக் கட்டாயம் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். அதற்கும் டெக்கீலாவுக்கும் என்ன வேறுபாடு? ஊரின் பண்பாட்டோடு சேர்த்து அதை அறிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸ்பானிய எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘ஓக்சாக்கா’ என்று வரும், ஊராருக்கு அது வஹாக்காதான். டாக்சியில் ஏறும்போதே இது உதவும்.

டெக்கீலாவும் மெஸ்காலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டுமே அகாவே எனப்படும் கற்றாழையிலிருந்து காய்ச்சப்படுபவை. டெக்கீலா நீலக் கற்றாழை என்ற ஒரே வகையிலிருந்து, பெரும்பாலும் ஹலிஸ்கோ மாநிலத்தில் தயாராகிறது. அதன் சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் கற்றாழையிலிருந்து வந்தாலும் அந்தப் பெயர் கிடைத்துவிடும். மெஸ்காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது முழுக்க முழுக்கக் கற்றாழையில்தான் காய்ச்சப்பட வேண்டும், ஆனால் எந்த வகைக் கற்றாழை என்பதில் பெரிய சுதந்திரம் உண்டு. எஸ்பதீன் என்ற பயிரிடும் வகை முற்ற 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். மலைச்சரிவில் தானாக வளரும் தெபெஸ்தாதே 25 ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துவிட்டு மடியும் செடி அது. பூந்தண்டு எழும் சமயத்தில் அதை வெட்டிவிட்டால், பூவுக்குப் போக வேண்டிய இனிப்பெல்லாம் அடியிலேயே தங்கிவிடுகிறது. குடிப்பவர் கையில் இருக்கும் இரண்டு மிடறுக்குப் பின்னால் ஒரு செடியின் முழு ஆயுள் இருக்கிறது என்பதை அங்குள்ளவர்கள் மறப்பதில்லை.

ஆகவே நகரத்தின் மது விடுதியிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் யோசனை. காய்ச்சும் இடத்தை முதலில் பாருங்கள். அதற்குப் ‘பலேங்கே’ என்று பெயர். நகரிலிருந்து மித்லா செல்லும் சாலையில் சுமார் ஒரு மணி நேரம் போனால் சந்தியாகோ மதத்லான் என்ற ஊர் வரும். ‘உலக மெஸ்கால் தலைநகர்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அந்த ஊரில் வீட்டுக்குப் பின்புறத்திலேயே காய்ச்சுகிறவர்கள் பலர். ஓட்டுநருடன் கூடிய வண்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. சுவைத்துவிட்டு நீங்களே ஓட்டி வருவதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

இலைகளைச் சீவி எறிந்தபின் எஞ்சும் நடுப்பகுதி பெரிய அன்னாசிப் பழம் போலவே இருப்பதால் அதைப் ‘பின்யா’ என்கிறார்கள். தரையில் தோண்டிய குழியில் விறகை எரித்து, கற்களைச் செந்தணலாகக் காய வைத்து, அதன்மேல் பின்யாக்களைக் குவித்து மண்ணால் மூடி, மூன்று முதல் ஐந்து நாள்கள் வேகவிடுகிறார்கள். மெஸ்காலின் புகை வாசனை இந்தக் குழியிலிருந்து வருவது. வெந்ததைக் குதிரையோ கழுதையோ இழுக்கும் பெரிய கல் சக்கரத்தின் கீழ் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவைத்து, செப்புக் கலத்தில் இருமுறை காய்ச்சுகிறார்கள். சாந்தா கத்தரீனா மினாஸ் என்ற ஊரில் இன்றும் மண்பானையில் காய்ச்சுகிறவர்கள் உண்டு. காய்ச்சியதை ஒரு நாணற்குழாயால் உறிஞ்சி, சுரைக்குடுவையில் பீய்ச்சிவிட்டு, மேலே எழும் குமிழ்கள் எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கின்றன என்பதைக் கொண்டே சாராயத்தின் வலிமையைச் சொல்லிவிடும் ஆசாமிகளைப் பார்க்கும்போது, கருவி வைத்து அளப்பவர்கள்மேல் சற்று இரக்கம்கூட வரும்.

குடிக்கும் முறையும் வேறு. ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வது அங்கே அநாகரிகம். ஆல்கஹால் அளவு 45 சதவீதத்தைக்கூடத் தாண்டக்கூடிய மது அது. நாக்கு நனையும் அளவு முதல் மிடறை எடுத்து வாயில் சற்று வைத்திருந்து விழுங்குங்கள். பக்கத்தில் ஆரஞ்சுச் சுளையும் செம்பொடி தூவிய உப்பும் வைப்பார்கள். வஹாக்கா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்து இறங்கிய அன்றே வெறும் வயிற்றில் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

பண்பாடு என்று கேட்டீர்கள். அப்பகுதியின் பூர்வகுடிகளான சபோத்தெக் மக்களிடம் ‘கெலகெட்சா’ என்றொரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் திருமணம் என்றால் உற்றார் வான்கோழி, சோளம், மெஸ்கால் என்று கொண்டுவந்து தருவார்கள். யார் எவ்வளவு தந்தார் என்று குறித்து வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் நோட்டு எழுதிய எந்தத் தமிழருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அதே பெயரில் ஜூலை 16-க்குப் பிந்தைய இரண்டு திங்கட்கிழமைகளில் நகரத்துக் குன்றின்மேல் பெரிய நடன விழா நடக்கிறது. முதல் திங்கள் 18-ஆம் தேதியில் விழுந்தால், அது மெக்சிகோவின் முன்னாள் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் நினைவுநாள் என்பதால், விழா ஒரு வாரம் தள்ளிப்போகும். விழாக்காலம் அல்லாவிட்டாலும், மாலையில் சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் முன் திருமண ஊர்வலம் ஏதேனும் கண்ணில் படக்கூடும். பித்தளை வாத்திய இசை, ஆளுயரத்துக்கு மேலான பொம்மைகள், இடையிடையே சிறு குவளைகளில் மெஸ்கால். அந்தக் குவளை உங்கள் கைக்கும் நீளலாம்.

கேள்வி: என் மனைவி மது அருந்துவதில்லை, இருவருமே சைவ உணவுக்காரர்கள். அவருக்கு இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. பலேங்கேயில் குழியிலிருந்து எடுத்த வெந்த கற்றாழைத் துண்டைக் கேட்டு வாங்கித் தாருங்கள். கரும்பைப் போல மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்ப வேண்டும். கருப்பட்டியும் புகையும் கலந்த அந்த இனிப்பில் மதுவின் சாயலே இராது. சந்தையில் ‘தெஹாதே’ கேளுங்கள். சோளமும் கொக்கோவும் மமே பழக்கொட்டையும் அரைத்து, பெண்கள் பெரிய மண்சட்டியில் கையாலேயே கலக்கி நுரை எழுப்பும் குளிர்பானம் அது. ஞாயிற்றுக்கிழமை என்றால், மதத்லான் போகும் வழியிலேயே த்லகொலூலா ஊரின் வாரச்சந்தையும் கிடைக்கும்.

சைவம் என்பதால் சில எச்சரிக்கைகள். மெஸ்காலோடு வரும் அந்தச் செம்பொடி உப்பில் கற்றாழைப் புழுவை வறுத்து அரைத்துச் சேர்த்திருப்பார்கள். ‘பெச்சூகா’ என்ற மெஸ்காலைக் காய்ச்சும்போது கலத்துக்குள் கோழி அல்லது வான்கோழியின் மார்புக் கறியைத் தொங்கவிடுவது வழக்கம். த்லயூதா என்ற பெரிய சோள ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவுவார்கள். ‘சின் அசியெந்தோ’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். புகழ்பெற்ற மோலே குழம்பிலும் பெரும்பாலும் கோழிச்சாறு இருக்கும். தட்டில் குவித்திருக்கும் செந்நிறப் பொரியல் வெட்டுக்கிளி.

கேள்வி: போத்தல் வாங்கி வரலாமா? புழு மிதப்பதுதான் அசல் என்கிறார்களே?

பதில்: புழு வெறும் விற்பனை உத்தி, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த பழக்கம். அதைப் பார்க்காமல் போத்தலில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். கற்றாழையின் வகை, காய்ச்சிய ஊர், காய்ச்சியவர் பெயர், ‘அர்தெசனால்’ (கைவினை முறை) அல்லது ‘ஆன்செஸ்த்ரால்’ (மூதாதையர் முறை) என்ற தரப்பிரிவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சீட்டே ஒட்டாத பிளாஸ்டிக் குடுவையைச் சாலையோரம் யார் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். விமானத்தில் கையில் வைத்துக்கொள்ள இயலாது. பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவில் வரியின்றிக் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர் வரை அனுமதி உண்டு. உங்கள் மனைவி குடிக்காதவர் என்றாலும் அவர் கணக்கிலும் 2 லிட்டர் வரும், அவர் சம்மதித்தால்.