16 ஜிபி ரேம்: ஒரே ஸ்டிக்கா, இரண்டு 8 ஜிபியா?

கேமிங் கணினிக்கு இரண்டு 8 ஜிபிதான் நல்லது. இதை டூயல் சேனல் என்பார்கள்: பிராசசர் இரண்டு ரேம்களோடும் ஒரே நேரத்தில் தகவல் பரிமாறிக்கொள்வது. டிடிஆர்4 3200 (டிடிஆர்4 ரேமின் வகை, 3200 அதன் வேகம்) ரேம் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும்; இரண்டு சேர்ந்தால் 51.2. கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடுவதற்கும், இரண்டு பேர் பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் இது ரொம்பவே முக்கியம்; அங்கே கிராபிக்ஸும் இதே பந்தியில்தான் உட்காருகிறது. கார்டு இருந்தால் லாபம் கேமைப் பொறுத்தது, சிலவற்றில் தெரியவே தெரியாது.

அப்புறம், இரண்டு ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் செருகினாலும் டூயல் சேனல் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நான்கு ஸ்லாட் மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். கையேட்டில் படமே போட்டிருக்கும்.