வாசகர் கேள்வி – பதில்: கற்ற மொழி நாவில் வர

தாய்மொழிக்கு அடுத்ததாக இன்னொரு மொழியைக் கற்பது பற்றியும், கற்றதை அன்றாடம் புழங்குவது பற்றியும் அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் மதுரை வட்டாரத்திலிருந்து வந்த ஐந்துக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன்.

விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பள்ளி நாட்களிலேயே இந்திப் பிரசார சபையின் ராஷ்டிரபாஷா தேர்வு வரை தேறியவன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் வடநாட்டவர்கள் கடைக்குள் வந்து பேசினால் பாதிதான் புரிகிறது. பதில் சொல்ல வாய் வருவதில்லை. மறுபடியும் வகுப்பில் சேர வேண்டுமா?
— வாசகர், மதுரை

வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 1918-இல் தொடங்கப்பட்ட அந்தச் சபை பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா என்று படிப்படியாக நடத்திவரும் தேர்வுகள், தமிழகத்தில் பல தலைமுறையினருக்கு இந்தியைப் படிக்கவும் எழுதவும் கற்றுத் தந்திருக்கின்றன. அந்த அடித்தளம் உங்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் தேர்வுத்தாள் யோசிப்பதற்கு அவகாசம் தரும், கல்லாவுக்கு எதிரே நிற்பவர் தரமாட்டார். உங்களிடம் குறைவாக இருப்பது இலக்கண அறிவு அன்று. கேட்ட மாத்திரத்தில் பொருள் பிடிபடும் பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்கு உங்கள் கடையைவிடச் சிறந்த வகுப்பறை கிடைக்காது.

முதலில் எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று தமிழில் எண்கள் ஒரே ஒழுங்கில் செல்கின்றன. இந்தியிலோ நூறு வரையில் ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே மனத்தில் ஏற்றியாக வேண்டும். 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்ச்சாஸ் என அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற கணக்கில் வருபவை சில. அந்த வழக்கத்தையும் மீறி 89-க்கு நவாசி என்றும் 99-க்கு நின்யானவே என்றும் சொல்கிறார்கள். அரைக் கணக்கு இன்னும் முக்கியமானது. ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயீ, மூன்றரையிலிருந்து மேலே சாடே என்ற சொல்லை முன்னே சேர்த்து சாடே தீன், சாடே சார். இவை துணி அளவுக்கும் பணத்துக்கும் ஒன்றுபோலவே வரும். டேட் மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். டேட் ஸௌ என்றால் நூற்றைம்பது. டாயீ ஹஜார் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசுகிறவர் டாயீ ஸௌ என்று சொன்னவுடன் இருநூற்றைம்பது என்று காதில் விழவில்லையானால், அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் உங்களுக்கு எட்டாது. பாதிதான் புரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இரவு கடை அடைக்குமுன் கணக்குப் பார்ப்பீர்கள் அல்லவா? அன்றைய பில் புத்தகத்தில் உள்ள தொகைகளை ஒவ்வொன்றாக இந்தியில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கடைப் பையனைத் தொகைகளை மாற்றி மாற்றி இந்தியில் படிக்கச் சொல்லி, நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். அதன் பின்னர், சாயம் போகுமா, அகலம் எவ்வளவு, வேறு நிறம் உண்டா, விலையைக் குறைக்க முடியுமா என்று கடையில் நாள்தோறும் எழும் கேள்விகளை எழுதி, அவற்றுக்கு மட்டும் விடைகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். உலக விவகாரம் பேசுவதற்கான இந்தி இப்போது வேண்டாம்.

வாக்கியம் அமைப்பதற்கு அஞ்ச வேண்டாம். வினைச்சொல் கடைசியில் நிற்பதும், உருபு பெயருக்குப் பின்னால் வருவதும், எனக்கு வேண்டும் என்பதைப் போலவே முஜே சாஹியே என்று சொல்வதும் இரண்டு மொழிகளுக்கும் பொதுவானவை. தமிழிலிருந்து நேரே இந்திக்குச் செல்லுங்கள். ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவந்தால் வாக்கியத்தை இரண்டு முறை புரட்ட வேண்டியிருக்கும். சேலை பெண்பால், துணியைக் குறிக்கும் கப்டா ஆண்பால் என்பது போன்றவற்றில் தவறு நேர்ந்தாலும் வாங்குபவர் புரிந்துகொள்வார். தொகையில் நேரும் தவறு அப்படிப்பட்டதன்று. இன்னொன்று: இங்கே அச்சு வசதிக்காக இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் எழுதிப் பழகும்போது தேவநாகரியிலேயே எழுதுங்கள்; அங்கே நான்கு எழுத்துகள் தனித்தனியே காட்டும் ஒலிகளை இங்கே ஒரே ககரம் சுமக்க நேர்வதால் உச்சரிப்புப் பிசகும்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். நான்கு வயது மகள் ஒரே வாக்கியத்தில் சௌராஷ்டிரத்தையும் தமிழையும் கலந்து பேசுகிறாள். பள்ளியில் இப்போது ஆங்கிலமும் சேர்ந்திருக்கிறது. குழந்தை குழம்பிப்போவாள், வீட்டு மொழியை விட்டுவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?
— வாசகி, மதுரை

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான்கு வயதுக் குழந்தை கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் அன்று. எந்தச் சொல் முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறாள். யாரிடம் எந்த மொழி என்ற பாகுபாடு வளர வளரத் தானே தெளிவாகும். இருமொழிப் பிள்ளைகள் அறிவில் பின்தங்குவார்கள் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வாளர்களிடமும் இருந்ததுதான். 1962-இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் கனடாவின் மான்ட்ரியல் நகரில், பிரெஞ்சு மட்டும் அறிந்த பத்து வயதுப் பிள்ளைகளையும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகளையும், குடும்ப நிலை ஒத்திருக்குமாறு பார்த்து ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை என்பது மட்டுமன்று, பல சோதனைகளில் முன்னே நின்றார்கள். அந்த முன்னிலை எவ்வளவு உறுதியானது என்று பின்னர் விவாதங்கள் எழுந்தன. ஆயினும் இரண்டு மொழிகள் குழந்தைக்குக் கேடு என்ற பழைய முடிவுக்கு ஆய்வுலகம் திரும்பவில்லை. ஒரு குழந்தை எந்த மொழியிலும் உரிய வயதில் பேசத் தொடங்காவிட்டால், மொழிகளின் மேல் பழி போடாமல் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கவலையே இல்லை.

தமிழ் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு மதுரையிலேயே விடை இருக்கிறது. தெளிவான தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாகத் தமிழகம் முழுவதும் போற்றும் டி.எம். சௌந்தரராஜன், 1922-இல் இதே ஊரில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு முன்னே, 1843 முதல் 1914 வரை வாழ்ந்த நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் கீர்த்தனைகள் பாடினார். வீட்டு மொழி இருவருடைய தமிழையும் தடுக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 2,47,702 பேர். பள்ளியிலும் கடைவீதியிலும் தமிழும் ஆங்கிலமும் குழந்தையைத் தாமே தேடி வரும். சௌராஷ்டிரத்துக்கு வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. மூன்றில் எதை வீடு காக்க வேண்டும் என்று கேட்டால், அதைத்தான் என்று தயங்காமல் சொல்வேன். பிள்ளைகள் வளரும்போது பெற்றோர் சௌராஷ்டிரத்தில் கேட்பதும் பிள்ளை தமிழில் விடை சொல்வதும் பல வீடுகளில் வழக்கமாகிவிடுகிறது. அப்படி ஆகாதிருக்க, அந்த மொழியில் மட்டுமே பேசும் ஒருவர் குழந்தைக்கு வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் கதை சொல்வதையும் சோறு ஊட்டுவதையும் அவரிடம் விட்டுவிடுங்கள். தமிழில் கேட்டாலும் சௌராஷ்டிரத்திலேயே விடை சொல்லும்படி அவரிடம் சொல்லி வையுங்கள்.

பணி ஓய்வு பெற்றவன். மருமகள் கேரளத்துப் பெண். பேரன் மலையாளத்தில்தான் பேசுகிறான். அறுபதைக் கடந்த பிறகு மொழி படியுமா?
— வாசகர், திருமங்கலம்

படியும். வயதேற ஏறக் கடினமாவது உச்சரிப்புத்தான். சொற்களைச் சேர்ப்பதற்கு வயது தடையன்று. தமிழர்களுக்கு மலையாளத்தில் ஒரு பெரிய சலுகையும் உண்டு. வந்தேன், வந்தான், வந்தாள் என்று விகுதியை மாற்றும் வேலை அங்கே இல்லை. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு என்று வினை ஒன்றாகவே நிற்கும். பேரனுடன் தொலைபேசியில் பேசும்போது, அவன் சாப்பிட்டதையும் விளையாடியதையும் மட்டும் மலையாளத்தில் கேளுங்கள். உங்கள் பிழையைத் திருத்துவதில் அவனைவிட ஆர்வமுள்ள ஆசிரியர் அமையமாட்டார்.

செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனி செல்வதற்காக ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரை முடித்துவிட்டேன், அதற்கு அடுத்த நிலையான பி2 படிக்கிறேன். இரவுப் பணியும் படிப்பும் சேர்ந்து வாட்டுகின்றன. இன்று படித்த சொல் அடுத்த வாரம் நினைவில் இல்லை.
— வாசகி, மேலூர்

மறதியை எண்ணி வருந்த வேண்டாம். அதற்கு ஒரு போக்கு உண்டு என்பதை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதித்து எழுதி வைத்தார். படித்தவுடன் மறதி வேகமாக நடக்கிறது. மறக்கப்போகும் தறுவாயில் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த முறை மெதுவாக நடக்கிறது. ஆகவே ஒரே இரவில் பலமுறை படிப்பதைவிட இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே செல்வது பயன் தரும். படிக்கும் முறையும் முக்கியம். சொல்லையும் பொருளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள்; சிறு அட்டையின் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக எழுதி, பொருளை மட்டும் பார்த்துச் சொல்லை மனத்திலிருந்து வரவழையுங்கள். பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் என்ற முன்சொல் இல்லாமல் அட்டையில் எழுதவே வேண்டாம். பாலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மறுபடியும் முதலிலிருந்து படிக்க நேர்கிறது.

நேரத்துக்கு வழி உங்கள் பணியிலேயே இருக்கிறது. பணி மாறும்போது அடுத்து வருபவரிடம் நோயாளியின் நிலையை எடுத்துச் சொல்வீர்கள்: காய்ச்சல் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது. வீடு திரும்பும் பேருந்தில் அவற்றுள் ஒன்றை, நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, மனத்துக்குள் ஜெர்மன் மொழியில் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் வரவில்லையோ அதுதான் அன்றைய அட்டை. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 கேட்கப்படுகிறது. வேலையில் சேர்ந்த பிறகு நாள்தோறும் பேச வேண்டியதும் இதுவேதான். வைல் (ஏனெனில்) என்று தொடங்கும் காரணத் தொடர்களில் வினை கடைசிக்குச் செல்வது ஆங்கிலவழியில் படிப்பவர்களைத் திணறடிக்கும். வினையைக் கடைசியில் வைத்தே சிந்திக்கும் நமக்கு அது வீட்டுப் பழக்கம். அந்த இடத்தில் தமிழை நம்புங்கள்.

எங்கள் வீட்டு மாடியில் தமிழ் கற்க வந்த அமெரிக்க மாணவி தங்கியிருக்கிறார். அவர் தமிழில் கேட்டால், சிரமப்படுகிறாரே என்று நாங்கள் ஆங்கிலத்தில் விடை சொல்கிறோம். அவர் முகம் வாடுகிறது. நாங்கள் செய்வது சரிதானா?
— வாசகி, மதுரை

அன்பினால் செய்கிறீர்கள், ஆனால் அவர் எந்தப் பொருளுக்காகக் கடல் கடந்து வந்தாரோ அதைக் கொடுக்காமல் அனுப்புகிறீர்கள். தமிழ் கற்க வெளிநாட்டவர் மதுரைக்கு வருவது புதிதன்று. 1606-இல் இங்கு வந்த இராபர்ட் டி நொபிலி இவ்வூரிலிருந்தே தமிழில் தேர்ந்தார். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர், எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறு என்று கண்டு, இரண்டுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கானது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. உங்கள் மாணவியின் சிரமமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவர் வருகிறேன் என்று படித்திருப்பார். நீங்கள் வர்றேன் என்பீர்கள். அவருக்காகப் புத்தகத் தமிழில் பேசவேண்டாம், சொற்களை உடைத்து உடைத்தும் சொல்ல வேண்டாம். உங்கள் வழக்கமான தமிழிலேயே, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் சற்று நிறுத்திப் பேசுங்கள். புரியவில்லை என்றால் வேறு சொற்களுக்குத் தாவாமல் அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்லுங்கள். இரண்டாம் முறை காது தயாராக இருக்கும்.

அவர் பிழையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டாம். “நேற்று நான் கோயிலுக்குப் போகிறேன்” என்று அவர் சொன்னால், “நேத்து கோயிலுக்குப் போனீங்களா? கூட்டமா இருந்துச்சா?” என்று சரியான வடிவத்தை உங்கள் கேள்வியில் வைத்துப் பேச்சைத் தொடருங்கள். உடல்நலம், பணம், பயணச்சீட்டு போன்றவற்றில் மட்டும் ஆங்கிலத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம். அவர் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரரிடமும், தெருமுனை ஆட்டோக்காரர்களிடமும் அவருக்குத் தமிழிலேயே விடை சொல்லும்படி நீங்களே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.