காந்தத்தால் மீட்கும் நானோ வினையூக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா?

காந்தத்தால் பிரித்தெடுக்கக்கூடிய நானோ வினையூக்கிகள் குடுவைக்குள்ளேயே கட்டியாகிவிடாதா என்று காரைக்குடியிலிருந்து ஒரு முதுகலை மாணவர் கேட்டிருக்கிறார்.

இதற்கான விடை துகளின் அளவில் இருக்கிறது. மேக்னடைட்டு என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடின் துகள் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்துவிட்டால், அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருப்பதால், வெளிக்காந்தம் இல்லாதபோது அது காந்தமாகவே நடந்துகொள்வதில்லை. குடுவையின் பக்கத்தில் நியோடிமியம் காந்தத்தை வைத்ததும் துகள்கள் சுவரில் படிகின்றன. காந்தத்தை எடுத்துவிட்டுக் கலக்கினால் மறுபடி பரவுகின்றன. வடிதாளில் நழுவிவிடும் துகள்களுக்கு இது பெரிய வசதி.

தூய இரும்பும் கோபால்ட்டும் இன்னும் வலுவாக ஈர்க்கப்படும். ஆயினும் அவை காற்றில் விரைவாக ஆக்சிஜனேற்றமடையும் என்பதால், கார்பன் போன்ற உறைக்குள் பொதிந்து பயன்படுத்துகிறார்கள். மேக்னடைட்டுக்குச் சிலிக்கா உறை வழக்கம். அது அமிலத்தின் அரிப்பைத் தடுப்பதோடு, வினையூக்கும் உலோகமான பல்லேடியத்தைப் பற்றிக்கொள்ளும் அமீன் தொகுதிகளை (நைட்ரஜன் கொண்ட அணுத்தொகுதிகளை)ப் பிணைப்பதற்கான பரப்பாகவும் அமைகிறது. இரு கரிம மூலக்கூறுகளைக் கார்பன்–கார்பன் பிணைப்பால் இணைக்கும் சுசூகி இணைப்பு வினையில் இத்தகைய பல்லேடியம் துகள்களே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன.

காந்தம் மீட்பது துகளைத்தான், அதிலிருந்து கரைந்துபோன பல்லேடியத்தை அன்று. ஆகவே வினையூக்கியை எத்தனை முறை மீண்டும் பயன்படுத்தலாம் என்ற மறுபயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. வினையின் நடுவே, சூடு குறையுமுன் துகள்களைக் காந்தத்தால் ஒதுக்கி, தெளிந்த கரைசலில் வினை தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால், கரைந்த உலோகமும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.