டென்மார்க்கில் பிறக்காத டேன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

● கிரேட் டேன் என்ற பெயரைப் பார்த்தால் டென்மார்க் நாட்டு நாய் போலிருக்கிறதே?

இல்லை, ஜெர்மனிதான் அதன் தாயகம். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன் அதைப் ‘பெரிய டேனிஷ் நாய்’ என்று எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் ‘டாய்ச்ச டோகெ’ என்கிறார்கள். 1878-இல் பெர்லினில் கூடிய எழுவர் குழு முடிவுசெய்த பெயர் அது. 1880-இல் இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் இலக்கணமும் எழுதப்பட்டது.

கனத்த மாஸ்டிஃப் வகையையும் வேகமான கிரேஹவுண்ட் வகையையும் கலந்து, காட்டுப்பன்றி வேட்டைக்காக உருவாக்கிய நாய் இது. பன்றியைத் துரத்திப் பிடித்து, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை விடாமல் கவ்வி நிற்க வேண்டும். தொங்கும் காதைப் பன்றியின் கோரைப்பல் கிழித்துவிடும் என்பதால்தான் காதை வெட்டினார்கள். வேட்டை ஒழிந்த பிறகும் வெட்டுவது அழகுக்காகத் தொடர்ந்தது. இன்று ஜெர்மனியிலேயே அதற்குச் சட்டப்படி தடை. தொங்கும் காதுதான் இந்த நாய்க்கு இயல்பு. தயவுசெய்து வெட்டச் சொல்லாதீர்கள்.

● எங்கள் குட்டிக்கு 4 மாதம். முன்கால் மணிக்கட்டு வளைந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கான உலர்தீவனத்தோடு தினமும் கால்சியம் சிரப்பும் கொடுக்கிறோம். அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். சிரப்பை இன்றே நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

வளர்ந்த நாயின் குடல், தேவையான கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும். சுமார் 6 மாதம் வரை குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொடுப்பதில் பெரும்பங்கு உடம்பில் சேர்ந்துவிடும். மிகுதியான கால்சியம், எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பு எலும்பாக மாறுவதைக் கெடுக்கிறது. முன்காலில் இரண்டு எலும்புகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பின்தங்கி மற்றது நீண்டால் கால் வில்லாக வளையத்தானே செய்யும்? பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம் இருக்கும் குட்டி ஒரே ஆண்டில் 50 கிலோவைத் தொடும் இனம் இது. சிறு பிசகும் பெரிதாகத் தெரிந்துவிடும்.

உங்கள் தீவனத்திலேயே கால்சியம் போதுமான அளவு இருக்கும். ஈரம் நீக்கிய எடையில் 0.8 முதல் 1.2 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. பையிலுள்ள அட்டவணையைப் பாருங்கள். வெறும் சோறும் கறியும் தின்னும் குட்டிக்கு நிலைமை நேர்மாறு: அங்கே கால்சியம் உண்மையிலேயே போதாது, மருத்துவர் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கொழுகொழுவென்று வளர்க்கும் ஆசையையும் விடுங்கள். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். மெதுவாக வளர்ந்தாலும் அதன் முழு உயரத்தை எட்டிவிடும். ஒன்றரை வயதுவரை படிகளில் ஓடவிடுவதும் உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் வேண்டாம்.

● எவ்வளவு உயரம் வளரும்? எத்தனை ஆண்டு வாழும்?

ஆண் நாய் தோள்வரை 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது இலக்கணம். அமெரிக்காவின் மிச்சிகனில் வாழ்ந்த ஜீயஸ் என்ற கிரேட் டேன் 111.8 செ.மீ. உயரத்தோடு கின்னஸ் சாதனை படைத்தது. ஆயுள் பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகள். குட்டி வாங்குமுன் இதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

● முழு வெள்ளைக் குட்டி கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் தாய், தகப்பன் நிறத்தைக் கேளுங்கள். இரண்டும் மெர்ல் (வெளிறிய நிறத்தில் கருந்திட்டுகள்) அல்லது ஹார்லிக்வின் (வெள்ளையில் கருந்திட்டுகள்) என்றால் குட்டி செவிடாகவோ பார்வைக் குறையோடோ பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இணை சேர்ப்பவரிடம் வாங்காதீர்கள்.

● சாப்பிட்ட பிறகு வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. கிரேட் டேனுக்கு வயிறு உப்பினால் நேரே மருத்துவமனைதான். இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். இரைப்பைக்குள் உணவு நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அடைபட்டுவிடும். உப்பிய இரைப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். வாந்தி எடுக்க முக்கி முக்கி வெறும் நுரை மட்டும் வருவதுதான் முதல் அடையாளம். எச்சில் வழியும், ஓரிடத்தில் படுக்காது, விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினால் மத்தளம் போல் ஒலிக்கும். இரவு 2 மணியானாலும் கிளம்புங்கள், வழியிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்துவிடுங்கள்.

தினத் தீனியை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். உண்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். தட்டை உயர்த்தி வைப்பது நல்லது என்று பலர் சொல்கிறார்கள். அது ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வு இருப்பதால் தரையிலேயே வையுங்கள். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதன் பிறகும் உப்பலாம், ஆனால் முறுக்கிக்கொள்வது அரிது. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஒரே மயக்கமருந்தில் முடிந்துவிடும்.