பெல்லட் ஸ்டவ் ப்ளோயர் கீச்சுனு கத்துது, நானே மோட்டார் மாத்தலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதினத முழுசா படிச்சேன். வந்து முதல் குளிர்காலம், குடிபோன வீட்ல பெல்லட் ஸ்டவ் (மரத்தூள அழுத்தி செஞ்ச சின்னச் சின்ன பெல்லட்ட எரிச்சு வீட்ட சூடாக்கறது), அதோட ப்ளோயர்ல, அதாவது காத்தடிக்கற ஃபேன்ல, ஒரு வாரமா கீச்சு கீச்சுனு சத்தம், ராத்திரில ரெண்டு தடவ தானா அணைஞ்சிருச்சு, டெக்னீஷியன் வர மூணு வாரம் ஆகும்ங்கிறாங்க, நானே மோட்டார் வாங்கி மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. மாத்தலாம். ஆனா இப்பவே மோட்டாருக்கு ஆர்டர் போட்றாதீங்க. நான் வந்த முதல் வருஷம் இதே மாதிரி அணைஞ்சப்போ அவசரப்பட்டு புது மோட்டார் வாங்கி மாட்டினேன், மாட்டின மறுநாளே திரும்ப அணைஞ்சுது, கடைசில பாத்தா நெருப்பு எரியற பெட்டி, அதான் ஃபயர்பாக்ஸ், அதுக்குப் பின்னாடி புகை போற வழி பூரா சாம்பல் அடைச்சிருந்துச்சு, கழட்டிப் போட்ட பழைய மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க காசும் அப்படிப் போயிடக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல சத்தம் எதுலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அந்த ஸ்டவ்ல ரெண்டு ப்ளோயர் இருக்கு. ஒண்ணு எக்ஸாஸ்ட் ப்ளோயர், நெருப்புக்குக் காத்த இழுத்து புகைய வெளில தள்றது. இன்னொண்ணு ரூம் ப்ளோயர், சூடான குழாய்ங்க மேல ரூம் காத்த ஊதி வெதுவெதுப்பா நம்ம பக்கம் அனுப்பறது. ரெண்டும் வேற வேற நேரத்துல ஓட ஆரம்பிக்கும், அதுதான் உங்களுக்கு வசதி. ஸ்டவ்வ ஆன் பண்ணின உடனே ஓடறது எக்ஸாஸ்ட் மட்டும்தான், ரூம் ப்ளோயர் ஸ்டவ் உடம்பு சூடேறின பிறகு, சில நிமிஷம் கழிச்சுதான் கிளம்பும். அதனால முதல் நிமிஷத்துலேயே கத்துச்சுன்னா எக்ஸாஸ்ட், சூடேறி காத்து வர ஆரம்பிச்ச பிறகு கத்துச்சுன்னா ரூம் ப்ளோயர். விடாம கத்தாம, சில செகண்டுக்கு ஒரு தடவ முனகி முனகி நிக்குதுன்னா அது ப்ளோயரே இல்ல, பெல்லட்ட தள்ற ஆகர், அதோட கதை வேற.

தானா அணையறதுக்கும் இந்த ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. எக்ஸாஸ்ட் ப்ளோயர் இழுக்கிற இழுப்புல ஃபயர்பாக்ஸ் உள்ள காத்தழுத்தம் கொறையும், அத ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா பிரஷர் ஸ்விட்ச் பாத்துட்டே இருக்கும், இழுப்பு பத்தலேன்னா ஆகர நிறுத்திடும், பெல்லட் விழாது, நெருப்பு அணைஞ்சிடும். மோட்டார் தளர்ந்தாலும் அணையும், சாம்பல் அடைச்சாலும் அணையும், கதவு இடுக்குல காத்து புகாம அடைக்கற கயிறு தேய்ஞ்சிருந்தாலும், ஏன் அந்த டியூப் ஓட்டைல தூசி இருந்தாலும் அணையும். ஜுவாலை சோம்பலா செம்மஞ்சளா ஆடுது, கண்ணாடி ஒரே நாள்ல கருப்பாகுதுன்னா காத்து பத்தலன்னு அர்த்தம். ரூம் ப்ளோயர் நின்னுச்சுன்னா வேற மாதிரி அணையும், நெருப்பு நல்லாத்தான் எரியும், ஆனா சூடு வெளில போக வழியில்லாம உடம்பு கொதிச்சு, ஓவர்ஹீட் ஸ்விட்ச் வெட்டிடும். நிறைய மாடல்ல அத கைல அமுக்கித்தான் ரீசெட் பண்ணணும், அமுக்கிட்டே காலத்த ஓட்டாதீங்க, அது வெட்டினதுக்கு ஒரு காரணம் இருக்கு.

இப்ப சுத்தம் பண்றது. இதத்தான் நான் ரொம்ப அழுத்தமா சொல்லுவேன், பாதி ப்ளோயர் பிரச்சனை இதுலயே முடிஞ்சிடும். நல்ல பெல்லட்லயே சாம்பல் இருக்கு, என்பிளஸ் ஏ1ங்கற பெல்லட் தரச் சான்றுக்கு உச்சவரம்பு 0.7 சதவீதம், அதாவது ஒரு டன் எரிச்சா ஏழு கிலோ வரைக்கும் சாம்பல். அதுல கனமானது கீழ தட்டுல விழுந்துடும், பவுடர் மாதிரி இருக்கறது புகையோட பறந்து போய் எக்ஸாஸ்ட் ஃபேன் றெக்கைல ஒட்டிக்கும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மியா ஒட்டினா பேலன்ஸ் போயிடும், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து வரைக்கும் சுத்தற சாமான் பேலன்ஸ் இல்லாம ஆடினா அடி பூரா பேரிங்குக்குத்தான். அப்ப வர்ற சத்தம்தான் பல பேர் மோட்டார் போச்சுன்னு நினைக்கிறது.

ஸ்டவ்வ அதோட பட்டன்லயே ஆஃப் பண்ணி, ரெண்டு ப்ளோயரும் தானா நிக்கற வரைக்கும் விட்டு, அப்புறம்தான் பிளக்க உருவணும். எரியறப்போ பிளக்க உருவினா புகைய வெளில தள்ள ஆள் இல்ல, அது ரூமுக்குள்ளதான் வரும். ஒரு ராத்திரி முழுக்க ஆறட்டும், சாம்பலுக்குள்ள கங்கு ரொம்ப நேரம் உயிரோட இருக்கும். வீடு கூட்டற வேக்கம் கிளீனர் வேண்டாம், கங்கு மாட்டினா பை பத்திக்கும், இல்லேன்னா அந்த நைஸ் சாம்பல் பின்பக்கமா வீடு பூரா பறக்கும். சாம்பலுக்குன்னே இரும்பு டப்பா வச்ச வேக்கம் இருக்கு, அத வாங்குங்க. அள்ளின சாம்பல மூடி போட்ட தகர டப்பால வெளில வைங்க. பெல்லட் எரியற கிண்ணம் (பர்ன் பாட்), பின்னாடி தகடு, சாம்பல் வழி, எக்ஸாஸ்ட் ஃபேன் உக்கார்ற கூடு (ஹவுசிங்), வெளில போற பைப் எல்லாம் சுத்தம் பண்ணிட்டு, றெக்கைய பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க, வளைஞ்சிடக் கூடாது. ரூம் ப்ளோயர்ல சாம்பல் கிடையாது, அங்க தூசியும் முடியும்தான், வீட்ல நாய் பூனை இருந்தா இன்னும் மோசம். அந்த உருளை மாதிரி ஃபேனோட ஒவ்வொரு றெக்கை இடுக்கும் அடைச்சிருக்கும். காத்தடிச்சு சுத்தம் பண்றப்போ ஃபேன கைல பிடிச்சுக்கோங்க, தாறுமாறா சுத்த விட்டா பேரிங் கெடும். றெக்கைல ஒரு குட்டி கிளிப் மாட்டியிருந்தா பேலன்ஸுக்கு வச்சது, அழுக்குன்னு நினைச்சு பிடுங்கிடாதீங்க.

சுத்தம் பண்ணின பிறகு பிளக் போடாமலே கையால சுத்திப் பாருங்க. வழுக்கிட்டுப் போய் மெதுவா நிக்கணும். கரகரன்னா, இல்ல ஷாஃப்ட் பக்கவாட்டுல ஆடுதுன்னா பேரிங் போச்சு. ஷாஃப்ட் முனைல சின்ன எண்ணெய் ஓட்டை இருந்தா அது பால் பேரிங்குக்குப் பதிலா புஷ் (ஷாஃப்ட் சுத்தற உலோக வளையம்) வச்ச மோட்டார், சீசனுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு எலக்ட்ரிக் மோட்டார் எண்ணெய் போதும். சீல் வச்ச பேரிங்னா எண்ணெய் போடவே கூடாது. துருவ இளக்கற ஸ்பிரேய அடிச்சா ரெண்டு நாள் சத்தம் நிக்கும், உள்ள இருந்த கிரீஸும் கரைஞ்சு ஓடிடும், மூணாவது நாள் முன்ன விட கத்தும். கீச்சு சத்தம் இல்லாம உம்முனு முனகிட்டு சுத்தாம நிக்குது, ஆனா குச்சியால தள்ளிவிட்டா ஓடுதுன்னா, கன்டென்சர் வச்ச மாடலா இருந்தா முதல்ல அத மாத்திப் பாருங்க, சீலிங் ஃபேன்ல நாம பாத்த அதே வியாதி. பிளக் போட்டிருக்கறப்போ ஃபேன்ல கைய வச்சிடாதீங்க, தள்ளிவிட ஒரு மரக்குச்சி போதும். அரை மணி நேரம் நல்லா ஓடி, நின்னு, ஆறின பிறகு திரும்ப ஓடுதுன்னா மோட்டார் சூடாகி உள்ள இருக்கற பாதுகாப்பு வெட்டுது, காரணம் தூசியா இருக்கும், இல்ல பேரிங் இறுக்கமா இருக்கும். மல்டிமீட்டர் இருந்தா ஒயர கழட்டிட்டு வைண்டிங் ஓம்ஸ் பாருங்க, ஓப்பன்னு காட்டினா காயில் போயிடுச்சு, அப்ப தயங்காம மாத்துங்க.

வாங்கறப்போ மோட்டார் மேல ஒட்டியிருக்கற லேபிள போட்டோ எடுத்துட்டுப் போங்க. வோல்ட் முக்கியம், 120 வோல்ட் நாட்டு மோட்டார 230 வோல்ட்ல போட்டா நிமிஷத்துல புகையும். ஆம்பியர், சுத்து வேகம், ஷாஃப்ட் தடிமன், றெக்கை விட்டம், எந்தப் பக்கமா சுத்தணும்ங்கறது, எல்லாம் ஒத்துப் போகணும். சில ஐரோப்பிய மாடல்ல எக்ஸாஸ்ட் மோட்டார்ல வேகத்த எண்ணற சென்சாருக்குன்னு தனியா மெல்லிசு ஒயர் வரும், அது இல்லாதத மாட்டினா ஃபேன் சுத்தினாலும் ஸ்டவ் எரர் காட்டி நிக்கும். பழைய றெக்கைய புது மோட்டார்ல மாட்டறதா இருந்தா அலன் ஸ்க்ரூவோ நட்டோ துருப்பிடிச்சு இறுகியிருக்கும், எண்ணெய் விட்டு ஊற வைங்க, சிலதுல மரை தலைகீழா இருக்கும், நீங்க கழட்டறதா நினைச்சு இறுக்கிட்டு இருப்பீங்க. கழட்றதுக்கு முன்னாடி ஒயர் கலர், றெக்கை எவ்ளோ ஆழத்துல உக்காந்திருக்குன்னு போட்டோ எடுத்துக்கோங்க, இல்லேன்னா மாட்டினதும் ஹவுசிங்ல உரசும்.

அப்புறம் காஸ்கெட், அதாவது ப்ளோயர் உக்கார்ற இடத்துல புகை கசியாம அடைக்கற பட்டை. எக்ஸாஸ்ட் ப்ளோயர எப்ப கழட்டினாலும் காஸ்கெட் புதுசு போடணும், இதுல மட்டும் நான் சொல்றத அப்படியே கேளுங்க தம்பி. றெக்கைய தாண்டின பக்கம் புகை அழுத்தத்துல இருக்கும், சின்ன இடைவெளி இருந்தாலும் ரூமுக்குள்ள கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனை கிடையாது. ஒரு வருஷம் பழைய காஸ்கெட் நல்லாத்தான் இருக்குன்னு திரும்ப போட்டேன், அன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் அடிச்சுது, குழந்தைய தூக்கிட்டு பனில வெளில வந்து நின்னோம். அலாரம் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னும் யோசிக்கிறேன். அதனால ஸ்டவ் இருக்கற ரூமுக்கும் தூங்கற ரூமுக்கும் ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வைங்க, மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடியே. பாத்ரூமுக்குப் போடற சிலிக்கான காஸ்கெட்டுக்குப் பதிலா தடவாதீங்க, சூடு தாங்காது.

வாடகை வீடா இருந்தா ஓனர்கிட்ட எழுத்துல சொல்லிட்டு கை வைங்க. ரூம் ப்ளோயர் பெரும்பாலும் சில ஸ்க்ரூ, ரெண்டு மூணு ஒயர்தான், தைரியமா பண்ணலாம். எக்ஸாஸ்ட்டுல மனசுல துளி சந்தேகம் இருந்தாலும் மூணு வாரம் ஆனாலும் டெக்னீஷியனுக்குக் காத்திருங்க, அது வரைக்கும் வேற ஹீட்டர்ல சமாளிங்க, ஸ்டவ்வ ஓட்டாதீங்க.

மாட்டி முடிச்சதும் முதல் தடவ பகல்ல, நீங்க முழிச்சிருக்கறப்போ பத்த வைங்க. பத்திக்கற நேரத்துலதான் புகை அதிகம், அப்ப ரூம் லைட்ட அணைச்சு ஜன்னல் திரைய இழுத்துவிட்டு, ப்ளோயர் ஹவுசிங்க சுத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளிச்சத்துல நூல் மாதிரி புகை ஆடினா, உடனே ஆஃப் பண்ணிட்டு ஆற விட்டு காஸ்கெட்ட மறுபடி உக்கார வைங்க.