அளக்காத நாட்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை. ஓராண்டாகக் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் என் மன அழுத்தத்தை 0 முதல் 100 வரையிலான எண்ணாகக் காட்டுகிறது. ஒவ்வொரு நாளின் சராசரியையும் ஒரு கட்டமாக்கி, குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு என்று நிறமிட்டு, ஆண்டு முழுவதையும் ஒரே தாளில் வரைந்திருக்கிறேன். அம்மா மதுரையில் மருத்துவமனையில் இருந்த 17 நாட்கள் மட்டும் கடிகாரத்தைக் கட்டவில்லை. அந்தக் கட்டங்களை அந்த மாதத்தின் சராசரியால் நிரப்பிவிட்டேன். திங்கட்கிழமைகள் எல்லாம் சிவப்பாகத் தெரிகின்றன. வேலையை விட்டுவிடலாமா? இந்த ஊரின் உயரத்தாலும் எண் கூடுமா?

ச., கொடைக்கானல்

அன்புள்ள ச.,

சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது என் தந்தையின் மழைப்பதிவேடு கிடைத்தது. அதை மேசைமேல் வைத்து, தினமும் சில பக்கங்களாகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உயரத்தைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சமவெளியிலிருந்து ஏழாயிரம் அடிக்கு வருபவருக்கு முதல் சில நாட்கள் நாடித்துடிப்பு கூடும். பிறகு உடல் பழகிக்கொள்ளும். இரண்டாண்டுகள் அங்கே வாழ்ந்த பிறகு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. வேலையை விடுவதா என்பதை நிறமிட்ட ஒரு தாளிடம் கேட்காதீர்கள். அந்தக் கடிகாரம் அழுத்தத்தை நேரடியாக அளப்பதுமில்லை. மணிக்கட்டின் தோலில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிடுகிறது. உடல் ஓய்ந்திருக்கும்போது அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். நெருக்கடியில் அவை ஏறத்தாழ ஒரே சீராகும். அந்தச் சீரைக் கொண்டு அது ஓர் எண்ணை ஊகிக்கிறது. காய்ச்சலும், கடுங்காப்பியும், நெடுநாள் காணாத தோழி வாசலில் வந்து நிற்கும் மகிழ்ச்சியும் அதற்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

நான் சொல்ல வந்தது அந்த 17 கட்டங்களைப் பற்றி. அவற்றை நிரப்பியது தவறு. சிறிய தவறு என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. ஓராண்டு முழுவதும் இவ்வளவு பொறுமையாகக் குறித்து வந்த நீங்கள், அந்த ஆண்டின் மிகக் கனத்த நாட்களை உங்கள் கையாலேயே வெளிர்நீலமாக்கிவிட்டீர்கள். மனம் அமைதியாக இருக்கும் நாட்களில்தான் கடிகாரத்துக்குச் சார்ஜ் போடும் நினைவு நமக்கு வரும். அம்மாவின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் நாட்களில் வராது. ஆகவே விட்டுப்போன நாட்கள் தற்செயலாக விட்டுப்போனவை அல்ல. அளந்த நாட்களின் சராசரியை எடுத்து அளக்காத நாட்களுக்குப் பூசும்போது, எது நடக்கவில்லையோ அதையே நடந்ததாக எழுதுகிறோம்.

என் தந்தை கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியின் நீரை அளவுக்குவளையில் ஊற்றிப் பார்த்து, இஞ்ச், அதன் நூறில் ஒரு பங்கான சென்ட் என்ற கணக்கில் எழுதுவார். மழை பெய்யாத நாளுக்குச் சுழி இடுவார். அளக்காத நாளை வெறுமையாக விட்டு, எதிரே 'அளக்கவில்லை' என்று எழுதுவார். சுழியும் வெறுமையும் ஒன்றல்ல என்பதை எனக்கு எழுத்தறிவிக்கும் முன்பே அவர் கற்பித்துவிட்டார். காப்பித் தோட்டத்தில் ஆண்டின் மொத்த மழையை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. மார்ச், ஏப்ரலில் ஒரே மாலையில் பெய்யும் ஓர் இஞ்ச் மழையில்தான் மொட்டு விழித்து, பத்து நாட்களுக்குள் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். அந்த ஓர் இஞ்சை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டு எழுதினால் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். பூத்தது ஏன் என்று மட்டும் யாருக்கும் விளங்காது.

1979 அக்டோபரில் அந்தப் பதிவேட்டில் 11 நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. டைபாய்டு காய்ச்சலில் கிடந்த என்னை மதுரைக்குத் தூக்கிச் சென்றிருந்தார். தோட்டத்தில் அளக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. திரும்பி வந்ததும், பக்கத்துத் தோட்டத்தின் கணக்கைப் பார்த்து நிரப்பிவிடும்படி மேலே இருந்தவர் சொன்னார். "அங்கே பெய்தது அங்கே பெய்தது, ஐயா" என்று தந்தை மறுத்துவிட்டார். மலையில் ஒரு முகட்டில் கொட்டும்போது அடுத்த முகட்டில் வெயில் காய்வதை நீங்களும் இந்த இரண்டாண்டில் பார்த்திருப்பீர்கள். மானியில் சேர்ந்து நின்ற நீரை அவர் ஒரே தடவையாக அளந்தார். 11 நாட்களையும் ஓர் அடைப்புக்கோட்டால் சேர்த்து, 'மொத்தம் 3.42, நாள்வாரியாகத் தெரியாது, மகன் மதுரையில்' என்று எழுதினார். அந்தக் காய்ச்சல் நாட்களைப் பற்றி என்னிடம் இன்று எஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

உங்கள் ஊரிலேயே இருக்கும் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். மேகம் மூடிய நாளுக்குப் படம் கிடையாது. முந்திய நாளின் படத்தை அங்கே யாரும் ஒட்டி வைக்கவில்லை. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது. புள்ளி சூரியனின் எந்த அட்சரேகையில் தோன்றியது என்பதையும் சேர்த்து வரைந்தபோதுதான், அவை தோன்றும் இடம் நடுக்கோட்டை நோக்கி மெல்ல இறங்கிவரும் பட்டாம்பூச்சி வடிவம் புலப்பட்டது. உங்கள் திங்கட்கிழமைக்கும் இதைத்தான் சொல்வேன். நாளுக்கு ஒரு கட்டம் போதாது. நாள் ஒரு வரிசையாகவும் 24 மணி நேரமும் அதன் கட்டங்களாகவும் வரையுங்கள். சிவப்பு தொடங்குவது திங்கள் காலைக் கூட்டத்திலா, ஞாயிறு இரவின் தூக்கமின்மையிலா என்று அப்போது தெரியும். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு.

அந்த 17 கட்டங்களின் நிறத்தை இன்றே அழித்துவிடுங்கள். அவற்றைச் சேர்த்து ஓர் அடைப்புக்கோடு போட்டு, நாள்வாரியாகப் பிரிக்காமல், நினைவில் நிற்பதை அருகே எழுதுங்கள்: யார் உடனிருந்தார்கள், எத்தனை இரவு தூங்கவில்லை, என்ன சாப்பிட்டீர்கள், எந்த நாளில் அம்மா முதன்முதலாக எழுந்து உட்கார்ந்தார். நாள் தவறிப்போனாலும் பரவாயில்லை, மொத்தமாக இருக்கட்டும். அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.